நாலு பேர், நாற்பது லட்சம்: கிரவுட்ஃபண்டிங்கில் கேம் செய்தால் பணம் எங்கே போகிறது?

கேள்வி இதுதான்: உங்கள் தம்பியும் மூன்று நண்பர்களும் பெங்களூரு அல்சூரில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து, பழைய பூம்புகார் துறைமுகத்தைப் பின்னணியாக வைத்து ஒரு வீடியோ கேம் செய்கிறார்கள். மக்களிடமே 40 லட்சம் ரூபாய் திரட்டப் போகிறார்கள். “கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருக்கு, நாலு பேர் உட்கார்ந்து தட்டப் போறாங்க, இதுக்கு எதுக்கு நாற்பது லட்சம்?” என்று அப்பா கேட்கிறார். நீங்களோ சில வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டு கேமுக்குப் பணம் போட்டு, இன்னும் அது கைக்கு வராத கடுப்பில் இருக்கிறீர்கள். அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது, தம்பிக்காக ஆபீஸ் நண்பர்களிடம் பணம் கேட்கலாமா என்கிறீர்கள்.

நான் பெங்களூரில் கேம் ஸ்டுடியோக்களில் புரொடியூசராக இருப்பவன். எந்த வேலைக்கு எத்தனை நாள், அதற்கு எவ்வளவு செலவு என்று அட்டவணை போடுவதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அப்பாவுக்கான பதில் முதலில். கேம் செய்வதில் பொருளுக்கு ஆகும் செலவு குறைவு. கேம் எஞ்சின் என்கிற அடிப்படை மென்பொருளுக்குப் பெரும்பாலும் காசே இல்லை. கோடோ முழுக்க இலவசம். யூனிட்டி, வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டும் வரை இலவசம். அன்ரியல், ஒரு கேமின் விற்பனை 10 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகுதான் 5 சதவீதம் கேட்கும். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கடை விரிக்க ஒரு கேமுக்கு 100 டாலர். ஆக, அப்பா சொல்வது போல கம்ப்யூட்டர் செலவு உண்மையிலேயே பெரிதில்லை. மீதி எல்லாம் ஆட்களுடைய மாதங்கள். நாலு பேர் ஒரு வருடம் சாப்பிட்டு, வாடகை கட்டி, வேறு வேலைக்குப் போகாமல் இருக்க ஆகும் காசுதான் ஒரு கேமின் விலை. கிரவுட்ஃபண்டிங் பக்கத்தில் எவ்வளவு அழகான படம் போட்டிருந்தாலும், அங்கே விற்கப்படுவது மாதங்கள்தான்.

இதைப் பளிச்சென்று காட்டிய ஒரு கணக்கு உண்டு. ஸ்கல்கேர்ள்ஸ் என்று ஒரு சண்டை கேம். அதைச் செய்த குழுவுக்கு வேலை போய், லாஸ் ஏஞ்சலஸில் லேப் ஜீரோ என்ற பெயரில் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். 2013 தொடக்கத்தில் இண்டிகோகோ என்ற கிரவுட்ஃபண்டிங் தளத்தில் 1,50,000 டாலர் கேட்டார்கள். முழு கேமுக்கு இல்லை. ஏற்கெனவே வெளிவந்து விற்றுக்கொண்டிருந்த கேமில் ஸ்க்விக்லி என்ற ஒரே ஒரு கதாபாத்திரத்தைச் சேர்ப்பதற்கு. இணையத்தில் பலர் கொதித்துப் போனார்கள். ஒரு பொம்மைக்கு ஒன்றரை லட்சம் டாலரா? ஆனால் அந்தக் குழு ஒரு நல்ல காரியம் செய்திருந்தது: செலவைப் பைசா சுத்தமாகப் பிரித்து அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்தது.

எட்டு பேருக்குப் பத்து வாரச் சம்பளம் 48,000 டாலர். வெளியாட்களிடம் கொடுத்துச் செய்யும் அனிமேஷன் வேலைக்கு 30,000. குரல் பதிவுக்கு 4,000. எந்த அடி உடம்பின் எந்த இடத்தில் படும் என்று கட்டம் போடும் வேலைக்கு 2,000. ஒலியை கேமுக்குள் பொருத்த 5,000. சோதனைக்கு 20,000. சோனி, மைக்ரோசாஃப்ட் போன்ற கன்சோல் (டிவியில் மாட்டி கேம் ஆடும் கருவி) கம்பெனிகளின் சான்றிதழ் பரிசோதனைக்கு 10,000. இண்டிகோகோ கமிஷனும் பணப் பரிமாற்றக் கட்டணமும் 10,000. பணம் போட்டவர்களுக்குத் தர வேண்டிய பரிசுப் பொருள்களைத் தயாரித்து அனுப்ப 21,000. கூட்டிப் பாருங்கள், சரியாக 1,50,000 வரும்.

இதில் மூன்று விஷயம் கவனிக்கலாம். முதலாவது, சம்பளம் ஆளுக்கு வாரம் 600 டாலர்தான். லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி ஊரில் அது வயிற்றுப்பாட்டுக்குத் தேறும், அவ்வளவுதான். சண்டை கேம் செய்கிற மற்றவர்கள் ‘இது ரொம்ப மலிவு’ என்றார்கள், காரணமில்லாமல் இல்லை. ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஆயிரத்துக்கு மேல் படங்களைக் கையால் வரைகிற கேம் அது. இரண்டாவது, பரிசுப் பொருளும் கமிஷனும் சேர்ந்து 31,000 டாலர். கேட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்கு கேமைத் தொடவே இல்லை. மூன்றாவதுதான் முக்கியம்: எஞ்சின் தயார், மற்ற கதாபாத்திரங்கள் தயார், கடையில் இடமும் தயார். எல்லாம் இருந்தும் கூடுதலாக ஓர் ஆளைச் சேர்க்க இவ்வளவு ஆனது. கடைசியில் அவர்களுக்கு 8,29,829 டாலர் சேர்ந்தது. ஸ்க்விக்லியும் வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் சிலரும் வந்தார்கள். தன் செலவை இப்படிப் பிரித்துக் காட்டத் தயங்குகிற குழுவுக்கு நான் பத்து ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன்.

சரி, இதே கண்ணோடு அல்சூருக்கு வருவோம். 40 லட்சத்தையும் இந்தியாவில் இருப்பவர்களே கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைம்மாறாக கேம் தருவதாகச் சொல்லி வாங்கும் பணம் நன்கொடை ஆகாது. அது முன்கூட்டிய விற்பனை. சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், விகிதம் 18 சதவீதம். 40 லட்சத்துக்குள் வரியும் அடக்கம் என்றால் சுமார் 6.1 லட்சம் அங்கேயே போய்விடும். தளத்தின் கமிஷன், பணப் பரிமாற்றக் கட்டணம் இரண்டுக்கும் 8 சதவீதம் என்று வைத்தால் 3.2 லட்சம். டி-ஷர்ட், கலைப் புத்தகம், கூரியர் எல்லாம் சேர்த்து இன்னொரு 3.2 லட்சம். மிஞ்சியது 27.5 லட்சம். இசைக்கும் குரல் கலைஞர்களுக்கும் 2.5 லட்சம். படம் வரையும் டேப்லெட், சோதிக்க ஒன்றிரண்டு சாதாரண கம்ப்யூட்டர்கள், இதற்கு 2 லட்சம். கம்பெனி பதிவு, சிஏ, ஒப்பந்தம் எழுத வக்கீல், வெளியாள் சோதனை, இதற்கு ஒன்றரை. கையில் இருப்பது 21.5 லட்சம்.

நாலு பேரும் ஆளுக்கு மாதம் 40,000 எடுத்துக்கொள்கிறார்கள் என்று போடுங்கள். பெங்களூரில் இது விரதம் இருக்கிற சம்பளம். வாடகை, கரண்ட், இன்டர்நெட்டுக்கு 35,000. மாதம் 1,95,000. இப்போது வகுத்துப் பாருங்கள்: பதினோரு மாதம்.

அவ்வளவுதான் 40 லட்சம். தம்பி சொல்கிற அளவுக்கு ஒரு துறைமுக நகரம், வணிகர்கள், கடல், கதை எல்லாம் உள்ள கேமை நாலு பேர் செய்து முடிக்க இரண்டரை வருடம் ஆனால் அதிசயமில்லை. பதினோரு மாதத்தில் முடியும் என்று அவர்கள் சொன்னால், தோணியைப் பற்றி விசாரியுங்கள்.

ஏன் தோணி? துறைமுகம் என்றால் தோணி இல்லாமல் இருக்காது. படம் வரைபவருக்கு அது நாலு நாள்: உருவம், மரத்தின் நிறம், பாய், கயிறு. அதற்கு அசைவு கொடுக்கும் அனிமேட்டருக்கு மூன்று நாள்: அலையில் அது அசைய வேண்டும், ஏறும்போது ஒரு பக்கம் சாய வேண்டும். நிரல் எழுதுபவருக்கு ஐந்து நாள். நிற்கும் தரையே நகர்கிறது என்றால் கதாநாயகனின் கால் வழுக்கும், தோணி திரும்பினால் அவன் மட்டும் அந்தரத்தில் நிற்பான், குதித்தால் பலகையைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போவான். சோதிப்பவர் ஒரு நாள் உட்கார்ந்து, தோணியில் இருக்கும்போது கேமைச் சேமித்து மூடிவிட்டு மறுபடி திறந்து பார்ப்பார். தோணி கரையில் இருக்கும், ஆள் நடுக்கடலில் நிற்பான். மறுபடி நிரல்காரரிடம் போகும். இந்தக் கடைசித் திருத்தத்தைக் கணக்கில் சேர்க்காமலே பதின்மூன்று ஆள்-நாள். மேலே போட்ட சிக்கனச் சம்பளத்தையும் வாடகையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தோணி சுமார் 29,000 ரூபாய். ஆயிரம் ரூபாய் கொடுக்கிற இருபத்தொன்பது பேருடைய பணம், ஒரு தோணி. துறைமுகத்தில் தோணி மட்டுமா இருக்கிறது?

இங்கேதான் பலருக்குப் புரியாத ஒன்று வருகிறது. பக்கத்தில் போட்டிருக்கும் இலக்குத் தொகை பெரும்பாலும் கேமின் உண்மையான செலவு இல்லை. கோஜி இகராஷியின் பிளட்ஸ்டெயின்ட் என்ற கேம் 2015இல் 5 லட்சம் டாலர் இலக்கு வைத்தது. தேவையான மொத்தத்தில் அது பத்தில் ஒரு பங்குதான். மீதியை மற்ற முதலீட்டிலிருந்து பெற ஏற்பாடு இருந்தது; இப்படி ஒரு கேமுக்கு ஆள் இருக்கிறார்கள் என்று நிரூபிப்பதற்காகவே மக்களிடம் வந்தார்கள். 55 லட்சம் டாலர் சேர்ந்தது, கேம் 2019இல் வந்தது. டிவினிட்டி: ஒரிஜினல் சின் என்ற கேமைச் செய்த லாரியன் கம்பெனி 2013இல் திரட்டிய 9.4 லட்சம் டாலரும் அப்படித்தான், பெரிய பட்ஜெட்டின் ஒரு பகுதி. இதில் தப்பொன்றும் இல்லை. மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

மீதிப் பணம் எங்கிருந்தும் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஷவல் நைட் என்ற கேம் உதாரணம். அதைச் செய்த யாட் கிளப் கேம்ஸ் 2013இல் 75,000 டாலர் கேட்டு 3,11,502 டாலர் வாங்கியது. நாலு மடங்குக்கு மேல்! ஆனாலும் கேம் முடிவதற்கு முன் பணம் தீர்ந்துவிட்டது. கடைசி மாதங்களைச் சம்பளம் இல்லாமல் ஓட்டினார்கள். 2014 ஜூனில் கேம் வெளிவந்து நன்றாக விற்றதால் தப்பித்தார்கள். அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

நம் நாட்டுக் கதை இன்னும் கடினம். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்த ராஜி என்ற கேம் 2017இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கிரவுட்ஃபண்டிங் தளத்துக்குப் போய் இலக்கைத் தொடவில்லை. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ருதி கோஷ் தன் ஃபிளாட்டை விற்றுக் குழுவை நடத்தினார். பிறகு வெளியீட்டாளர் கிடைத்து, 2020இல் கேம் வந்தது. இதைத் தியாகக் கதையாகச் சொல்லிக் கைதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு ஃபிளாட்டை விற்றுத்தான் ஒரு கேமை முடிக்க முடியும் என்றால், முதலில் போட்ட கணக்கில் அந்த ஃபிளாட்டும் ஒரு வரி. உங்கள் அப்பா பயப்படுவதும் அதற்குத்தானே? மறுபக்கம், பைரோடாக்டில் என்ற சின்ன இந்தியக் குழு 2013இல் பண்டைய இந்தியாவை நினைவூட்டும் அன்ரெஸ்ட் என்ற கேமுக்கு வெறும் 3,000 டாலர் கேட்டு, 36,000 டாலருக்கு மேல் பெற்று, அடுத்த வருடமே கொடுத்து முடித்தது. ஆசை சின்னது, எழுத்துக்கு முக்கியத்துவம் தரும் கேம், அதனால் முடிந்தது.

பணம் அதிகம் சேர்ந்தால் கேம் சீக்கிரம் வரும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. டபுள் ஃபைன் என்ற ஸ்டுடியோ 2012இல் 4 லட்சம் டாலர் கேட்டது: 3 லட்சம் ஒரு சின்ன சாகச கேமுக்கு, 1 லட்சம் அது உருவாகும் விதத்தைப் படம் பிடிக்க. அந்த அக்டோபரிலேயே தருவதாகச் சொன்னார்கள். 87,000க்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து 33 லட்சம் டாலருக்கு மேல் கொட்டிக் கொடுத்தார்கள். அவ்வளவு பணத்தை வாங்கிவிட்டு யாரால் சின்ன கேமைக் கொடுக்க முடியும்? புரோக்கன் ஏஜ் என்று பெயர் வைத்த அந்த கேம் பெரிதாகி, பெரிதாகி, பணம் போதாமல் இரண்டாக உடைந்தது. முதல் பாதி 2014 ஜனவரியில், இரண்டாம் பாதி 2015 ஏப்ரலில். ஸ்டார் சிட்டிசன் என்ற கேம் இதன் உச்சம்: 2012இல் தொடங்கியபோது 2014இல் தருவதாகச் சொன்னார்கள். திரட்டிய தொகை 2024இல் 70 கோடி டாலரைத் தாண்டியது, அப்போதும் முழு வெளியீடு வந்திருக்கவில்லை. ஆனால் அந்த கம்பெனி தன் ஆண்டுக் கணக்கை வெளியிடுகிறது. பார்த்தால் மர்மம் ஒன்றும் இல்லை, பல நகரங்களில் நூற்றுக்கணக்கான ஆட்களும் அவர்களுடைய சம்பளமும்தான்.

இந்த வீக்கத்துக்கு வழி செய்வது ‘ஸ்ட்ரெட்ச் கோல்’. இலக்கைத் தாண்டி இவ்வளவு சேர்ந்தால் இன்னொரு கதாபாத்திரம், அவ்வளவு சேர்ந்தால் இன்னொரு கன்சோல் என்று ஆசை காட்டுவது. வீடு கட்டுகிறவர் பாதியில் ‘அப்படியே மேலே ஒரு மாடி’ என்று சொல்வது போலத்தான். சொல்லும்போது ஒரு வரி, அஸ்திவாரத்தில் போய் இடிக்கும். மைட்டி நம்பர் 9 என்ற கேம் 2013இல் 9 லட்சம் டாலர் கேட்டு கிக்ஸ்டார்ட்டரில் மட்டும் 38 லட்சம் வாங்கியது. இருக்கிற கன்சோல் எல்லாவற்றிலும் வரும் என்று வாக்குக் கொடுத்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2016இல் வந்தபோது ரசிகர்களே முகம் சுளித்தார்கள். பிளட்ஸ்டெயின்ட் குழு வீ யூ, வீட்டா பதிப்புகளைக் கைவிட வேண்டி வந்தது. கேம் வருவதற்குள் அந்த கன்சோல்களுக்கே வயதாகிவிட்டது. ஷவல் நைட் நன்றாக விற்றும், வாக்குக் கொடுத்த கூடுதல் பகுதிகளை முடிக்க 2019 டிசம்பர் ஆனது. ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி குழு 2014இல் ஹாலோ நைட் என்ற கேமுக்காகத் திரட்டியது சுமார் 57,000 ஆஸ்திரேலிய டாலர்தான். அதில் ஹார்னெட் என்ற பாத்திரத்தையும் ஆட வைப்போம் என்று ஒரு ஸ்ட்ரெட்ச் கோல் வைத்தார்கள். அது வளர்ந்து சில்க்சாங் என்ற தனி கேமாகி, 2025 செப்டம்பரில்தான் வந்தது. அவர்களால் அது முடிந்தது, ஏனென்றால் இடையில் ஹாலோ நைட் அமோகமாக விற்றது. உங்கள் தம்பி ஸ்ட்ரெட்ச் கோல் போட்டே ஆக வேண்டும் என்றால், ‘கூடுதலாக வரும் பணம் கூடுதல் மாதங்களுக்கு’ என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். கவர்ச்சி இருக்காதுதான்.

பரிசுப் பொருள் விஷயத்தில் என் கருத்து கடுமையானது: வேண்டாம். திருப்பூரில் சொன்னால் நல்ல சட்டை மலிவாகத் தைத்து வரும், சிவகாசியில் புத்தகம் பளபளவென்று அச்சாகும், எல்லாம் உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் இருக்கிற ஒருவருக்கு அந்தச் சட்டை போய்ச் சேர ஆகும் செலவு சட்டையின் விலையைத் தாண்டும். அளவு மாறிப் போனால் மறுபடி ஒன்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சின்ன பார்சல்களுக்கு இருந்த சுங்கச் சலுகையை நிறுத்தியபோது, இந்தியத் தபால் துறை அங்கே பெரும்பாலான பார்சல்களை அனுப்புவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. கேம் செய்ய வந்தவர்கள் சுங்கப் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். கேமின் கீ (கேமைத் திறக்கும் குறியீட்டு எண்), இசைத் தொகுப்பு, நன்றிப் பட்டியலில் ஒரு பெயர்: மின்னஞ்சலில் போகிற பரிசே போதும். ஸ்டீம் கீக்கு ஸ்டீம் தனியாகக் காசு கேட்காது.

ஆனால் கீ கொடுப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. ஆளுக்கு ஆயிரம் வீதம் 40 லட்சம் என்றால் நாலாயிரம் பேர். கேமை மிகவும் விரும்பி முதல் நாளே வாங்கக்கூடியவர்கள் இந்த நாலாயிரம் பேர்தான். அவர்கள் பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. வெளியீட்டு நாளில் புதியவர்கள் வந்து வாங்க வேண்டும், அதில் ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பதினோரு மாதத்துக்குப் பிறகு வாங்கிய கடனையும் இந்தப் புதியவர்களின் காசில்தான் அடைக்க வேண்டும்.

உங்கள் பணத்தைப் பற்றி. வராத கேம் என்றால் ஏமாற்று என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் மாதங்கள் தீர்ந்துபோயிருக்கும். வார்ட்டன் பேராசிரியர் ஈத்தன் மோலிக் 2015இல் வெளியிட்ட ஆய்வில் கிக்ஸ்டார்ட்டரில் வெற்றி பெற்ற திட்டங்களில் சுமார் 9 சதவீதம் வாக்களித்த பொருளைக் கொடுக்கவில்லை என்று கண்டார். பத்தில் ஒன்று. நாவலாசிரியர் நீல் ஸ்டீஃபன்சன் 5,26,000 டாலர் திரட்டித் தொடங்கிய கிளாங் என்ற வாள்சண்டை கேம் 2014இல் கைவிடப்பட்டது. யோக்வென்சர்ஸ் என்ற கேம் 5,67,000 டாலர் திரட்டிவிட்டு அதே வருடம் நின்றது. அதில் ஒரு விவரம் என்னை இன்னும் உறுத்துகிறது: முக்கிய ஓவியர்களுக்கு ஆளுக்கு 35,000 டாலரை மொத்தமாக முன்பணமாகக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் இரண்டே வாரத்தில் பெரிய கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். ஒப்பந்தத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்க வழியில்லை. யாரும் திருடவில்லை, ஆனால் பணம் போயே போச்சு.

உண்மையான மோசடியும் உண்டு. நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.சி. 2015இல் கிரவுட்ஃபண்டிங் தொடர்பாகத் தொடுத்த முதல் வழக்கு ஒரு பலகை விளையாட்டைப் பற்றியது. 1,22,000 டாலருக்கு மேல் வாங்கியவர் அதை வீட்டு வாடகை, வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்வது, சொந்தச் சாமான்கள் என்று செலவழித்திருந்தார். கிக்ஸ்டார்ட்டர் தானாகப் பணத்தைத் திருப்பித் தராது. ஆனால் அதன் விதிப்படி, முடிக்க முடியாதவர் பணம் எப்படிச் செலவானது என்று விளக்க வேண்டும், மிச்சம் இருந்தால் திருப்பித் தர வேண்டும். அந்த விளக்கத்தை நீங்கள் கேட்டு எழுதலாம். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

தம்பியின் விஷயத்தில் சட்டம் வேறு மாதிரி குறுக்கே வரும். இந்தியாவில் இருப்பவர் கிக்ஸ்டார்ட்டரில் பணம் கொடுக்கலாம், ஆனால் திரட்ட முடியாது. அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் நாம் இல்லை. அதற்காகச் சிங்கப்பூரில் இருக்கும் மாமா பெயரில் பக்கம் திறப்பது என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பணம் சட்டப்படி மாமாவின் வருமானமாகிவிடும், வரியும் அவர் தலையில். சொந்த இணையதளத்தில் யுபிஐ மூலம் முன்பதிவு வாங்கலாம். வெளிநாட்டுக்காரர்களிடம் பேபால் வழியாக வாங்கலாம். அது சேவை ஏற்றுமதி, உரிய உறுதிப் பத்திரம் கொடுத்திருந்தால் ஜிஎஸ்டி இல்லை. 2021 ஏப்ரலிலிருந்து உள்நாட்டுப் பணத்துக்கு பேபால் கிடையாது. கணக்கு திறக்கப் போகும்போது ‘கேம்’ என்றதும் வங்கியில் ‘ரம்மியா?’ என்று கேட்பார்கள். 2025இல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் வந்த பிறகு கொஞ்சம் கூடுதலாகவே கேட்பார்கள். இது அந்த வகை இல்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கையோடு கொண்டு போகட்டும்.

ஆபீஸ் நண்பர்களிடம் கேட்கலாம், ஒரு நிபந்தனையோடு. ‘லாபத்தில் பங்கு தருகிறோம்’ என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. கேமை முன்பதிவாக விற்பது வேறு; பங்கோ லாபமோ தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் பணம் வாங்குவது வேறு. பங்கு முறை கிரவுட்ஃபண்டிங் பற்றி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2014இல் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. 2016இல், அங்கீகாரம் இல்லாத இணையத் தளங்கள் மூலம் இப்படிப் பணம் திரட்டுவதில் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னது. கம்பெனிச் சட்டப்படி தனிப்பட்ட முறையில் பங்கு விற்பதற்கும் ஒரு நிதியாண்டில் 200 பேர் என்ற வரம்பு உண்டு, அதற்கும் ஆயிரம் நடைமுறை. எனவே நண்பர்களிடம் ‘இது ஒரு கேமின் முன்பதிவு, தள்ளிப்போகலாம், வராமலும் போகலாம்’ என்று சொல்லியே கேளுங்கள். வராவிட்டால் உங்கள் நட்பு கெடாத அளவுக்குத்தான் கேட்க வேண்டும். ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம். யாராவது ஐம்பதாயிரம் நீட்டினால் வாங்காதீர்கள், நாளைக்கு கேன்டீனில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

தம்பியிடம் உட்கார்ந்து பேச நேரம் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது, ஆடக்கூடிய ஒரு பகுதி இருக்கிறதா என்பதை. படமோ டிரெய்லரோ போதாது. பத்து நிமிடம் கையில் பிடித்து ஆட வேண்டும். அதைச் செய்ய உண்மையில் எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள். அதை வைத்து முழு கேமுக்கும் பெருக்கினால் வரும் எண், அவர்கள் சொல்லும் தேதியைவிட நம்பகமானது. அப்புறம் வரைந்தவர்களுடனும் இசையமைத்தவருடனும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா, உரிமை யாருக்கு, பணம் வேலை முடிய முடியத் தவணையாகப் போகிறதா? நண்பர்களுக்குள் என்ன பேப்பர் என்பார்கள். யோக்வென்சர்ஸ் ஓவியரை நினைவுபடுத்துங்கள். பதினோரு மாதம் தாண்டிய பிறகு எதில் ஓட்டப் போகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். இரண்டு பேர் பகுதி நேர வேலை பார்ப்பார்களா, வெளியீட்டாளர் யாரிடமாவது பேசியிருக்கிறார்களா, வெளி ஸ்டுடியோக்களுக்கு ஆர்ட் வேலை செய்து கொடுப்பார்களா? பெங்களூரில் கடைசியாகச் சொன்னதற்கு எப்போதும் இடம் உண்டு. 1997இல் இங்கே தொடங்கிய துருவா இன்டராக்டிவ் பல வருடம் வெளிநாட்டு கேம்களுக்கு வேலை செய்து கொடுத்தே வளர்ந்தது. 2019இல் அதை ராக்ஸ்டார் என்ற பெரிய வெளிநாட்டு கேம் கம்பெனி வாங்கியது.

பணத்துக்குத் தனி நடப்புக் கணக்கு வேண்டும். சொந்தச் சேமிப்புக் கணக்கில் வந்து விழுந்தால் எது கேமுக்குப் போனது, எது ஸ்விக்கிக்குப் போனது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. பக்கத்தைத் திறக்கும் முன் சிஏவைப் பார்த்துவிட வேண்டும். சேவைக்கான முன்பணத்துக்கு ஜிஎஸ்டி, பணம் கைக்கு வந்த மாதத்தின் கணக்கிலேயே விழும்; கேம் வெளிவரும் வரை காத்திருக்காது. வருமான வரிக் கணக்கில் முன்பணத்தை எந்த வருடத்து வரவாகக் காட்டுவது என்பது அவர்கள் கம்பெனியா, கூட்டாண்மையா, தனி ஆளா, கணக்கை எப்படி எழுதுகிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. பிப்ரவரியில் திரட்டி மார்ச் 31க்குள் ஒன்றும் செலவழிக்காமல் வைத்திருந்தால், அதுவும் தனி ஆள் பெயரில், முழுத் தொகையும் லாபம் போலத் தெரியும் அபாயம் இருக்கிறது. ஏப்ரல், மே மாதம் தொடங்கினால் செலவும் அதே நிதியாண்டில் வரும். ஐபிஎல் நடக்கிற நேரமாச்சே, யார் பார்ப்பார்கள் என்று தம்பி சொல்வான். அப்படியானால் ஜூனில் வைத்துக்கொள்ளட்டும்.